ஓரத்தில் ‘டிராஃப்ட்’ என்று எழுதியிருந்தது

2005-ஆம் வருடம் ஆடி மாதம் நடந்தது இது. படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே நான் வேலை பார்க்கவில்லை. தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் நண்பனும் நானுமாக வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்தத் தொழிற்சாலை எங்கள் வாடிக்கையாளர். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கம்ப்யூட்டர் தெரியாதவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு இளக்காரம் உண்டு. அதை மறைத்துக்கொள்ளவும் எனக்குத் தெரியாது.

அதுவரை அவர்களுடைய வெப்சைட்டில் ஒரு போன் நம்பரை மாற்ற வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எச்.ஆர். மேனேஜருக்கு அலுத்துவிட்டது. “எங்க ஆளுங்களே உள்ள போய் மாத்துற மாதிரி ஏதாவது செஞ்சு குடுங்க. டிரெய்னி எடுக்கிற தேதி அடிக்கடி மாறுது. பசங்க தென்மாவட்டத்துலேர்ந்து நெட்ல பாத்துட்டுதான் கிளம்பி வர்றாங்க” என்றார். நிரல் எழுதத் தெரியாதவர்களும் வெப்சைட்டில் எழுதவும் திருத்தவும் உதவுகிற மென்பொருளைத்தான் அவர் கேட்டார். எங்கள் தொழிலில் அதைச் சி.எம்.எஸ். என்போம்.

இலவசமாகக் கிடைத்தவற்றில் இரண்டை எடுத்துப் பார்த்தேன். முதலாவதில் மொத்தமே மூன்று பட்டன்கள். எழுதலாம், பார்க்கலாம், வெளியிடலாம், அவ்வளவுதான். இரண்டாவதைத் திறந்தால் இடது பக்கம் மேலிருந்து கீழ்வரை மெனு, ஒவ்வொரு மெனுவுக்குள்ளும் இன்னொரு மெனு. அந்தத் தொழிற்சாலைக்குத் தேவைப்பட்டது ஒரு நோட்டீஸ் போர்டு. நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். அதைக் கற்றுக்கொண்டு பயோடேட்டாவில் போட்டால் பெரிய கம்பெனியில் வேலை கிடைக்கும் என்ற ஆசைதான் காரணம். யார் உட்கார்ந்து அதைப் பயன்படுத்தப்போகிறார்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உட்காரப்போனது ரிசப்ஷனில் இருந்த அக்கா. நாற்பது வயது இருக்கும். வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ, டைப்ரைட்டிங் ஹையர். உள்ளே இருக்கிற அத்தனை பேருடைய எக்ஸ்டென்ஷன் நம்பரும் அவருக்கு மனப்பாடம். போன் எடுத்தால் குரலை வைத்தே யார் என்று சொல்லிவிடுவார். ஆறு வருடமாகக் காண்ட்ராக்டில் ஓடிக்கொண்டிருந்தது அவர் வேலை. அந்த வருடம் சிலரைக் கம்பெனி ரோலில் எடுப்பதாகப் பேச்சு இருந்தது. வெப்சைட் வேலையும் சேர்த்துப் பார்க்கிறார் என்று எழுதி அனுப்பினால் ஹெட் ஆபீஸில் மறுக்கமாட்டார்கள் என்று மேனேஜரே அவரிடம் சொல்லியிருந்தார். ரோலில் வந்துவிட்டால் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று காண்ட்ராக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதனால் நான் சொல்லிக் கொடுக்கப் போன அன்றைக்கு அக்கா புது நோட்டு ஒன்று வாங்கி, அட்டை போட்டு வைத்திருந்தார்.

திரையைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“இன்னா சார், இம்மாம் பட்டன் கீது?”

“பழகிடும் அக்கா. நீங்க இதுல நாலுதான் தொடப்போறீங்க.”

“இதெல்லாம் தமிழ்ல வராதா சார்?”

“கம்ப்யூட்டர்னா இங்கிலீஷ்தான் அக்கா” என்று சிரித்தேன். அது பொய். பட்டன்களின் பெயர்களெல்லாம் ஒரே ஒரு ஃபைலில் இருந்தன. ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் முழுக்கத் தமிழாக்கியிருக்கலாம். எனக்குச் சோம்பல்.

ஒன்றரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்து முடித்தேன். என்னுடைய லாகினில் நுழைந்துதான் எல்லாவற்றையும் செய்து காட்டினேன். எல்லா உரிமையும் உள்ள அட்மின் நான் என்பதால் ‘சேவ்’ அழுத்தியவுடனே மாற்றம் வெப்சைட்டில் வந்து உட்கார்ந்தது. அக்கா ஒவ்வொரு படியையும் நம்பர் போட்டுத் தமிழில் எழுதிக்கொண்டார். ஒன்பதாவது படி இப்படி இருந்தது: ‘சேவ் அழுத்தணும். வந்துடும்.’

கிளம்புவதற்கு முன் அவருக்குத் தனி லாகின் போட்டுக் கொடுத்தேன். ஏதாவது அழித்துக் கிழித்து வைக்கப்போகிறார் என்று இருப்பதிலேயே குறைந்த உரிமையைக் கொடுத்தேன். அந்த லாகினில் எழுதுவது நேராக வெளியே போகாது. மேலே ஒருவர் அனுமதிக்கும் வரை ‘டிராஃப்ட்’ ஆக, அதாவது வரைவாக, உள்ளேயே கிடக்கும். அனுமதி கேட்டு வரும் மெயில் யாருக்குப் போக வேண்டும் என்று அந்த மென்பொருள் கேட்டது. அப்போதைக்கு என்னுடைய பழைய மெயில் ஐடி ஒன்றைத் தட்டிவிட்டேன். பிறகு மேனேஜருடையதை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மறந்தும் போனேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை மேனேஜரிடமிருந்து போன். உடனே வாருங்கள் என்றார். குரலே சரியில்லை.

பைக்கில் போய் இறங்கியபோது கேட்டுக்கு எதிரே, சாலையோரத்தில், முப்பது நாற்பது இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டை, கையில் சர்டிஃபிகேட் ஃபைல். டிரெய்னி தேர்வு சனிக்கிழமை என்று முதலில் போட்டிருந்தோம். அவர்களிடம் உதிரிபாகம் வாங்கும் கார் கம்பெனியிலிருந்து ஆடிட் ஒன்று வந்ததால் தேர்வை முந்தைய புதன்கிழமைக்கே மாற்றியிருக்கிறார்கள். வெப்சைட்டில் அது மாறவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் விஷயம் கேள்விப்பட்டு வந்து எழுதிவிட்டார்கள். வெப்சைட்டை நம்பித் தூரத்திலிருந்து வந்தவர்கள் இப்போது தெருவில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவர் எழுந்து வந்து பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட்டை என்னிடம் நீட்டினார். “ஸார், இதுல சனிக்கிழமன்னுதான ஸார் போட்டுருக்கு? பரமக்குடியிலருந்து வாரோம். நீங்க கம்பெனி ஆளா ஸார்?”

தாளின் மேலே நான் வரைந்த லோகோ. “இல்லீங்க, நான் வெளியாள்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மேனேஜரின் அறையில் செக்யூரிட்டி ஆபீசரும் அக்கவுண்ட்ஸ்காரர் ஒருவரும் இருந்தார்கள். அக்கா நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

“திங்கட்கிழமையே மாத்திட்டேன் சார். பதினோரு மணிக்கு மேல. சேவ் போட்டேன், வந்துச்சி. கண்ணால பாத்துகினுதான் எந்திரிச்சேன்” என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். லாகின் செய்திருக்கிறவருக்கு அவருடைய வரைவு அப்படியே வெப்சைட் போலத் தெரியும். ஊரில் மற்ற யாருக்கும் தெரியாது.

“வேற ஏதாவது வந்துதா திரையில?” என்று மேனேஜர் கேட்டார்.

“ஓரத்துல டிராஃப்ட்டுன்னு எழுதி, பக்கத்துல ஒண்ணுன்னு போட்டிருந்துச்சி சார். நான் அக்கவுண்ட்ஸ்ல போய்க் கேட்டேன், நமக்கு பேங்க் டிராஃப்ட் ஏதாச்சும் வரணுமான்னு. அப்பிடி ஒண்ணுமில்லன்னாங்க. சரின்னு வுட்டுட்டேன்.”

அக்கவுண்ட்ஸ்காரர் முதலில் சிரித்தார். பிறகு செக்யூரிட்டி ஆபீசர். கோபத்தில் இருந்த மேனேஜருக்கே வாய் கோணியது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். யோசித்துப் பார்த்தால் அதில் சிரிக்க என்ன இருந்தது? அவருடைய ஆபீஸில் டிராஃப்ட் என்றால் பேங்க் டிராஃப்ட்தான். புரியாத சொல் ஒன்று வந்ததும் எழுந்து போய் விசாரித்திருக்கிறார். அந்த அறையில் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் அவர்தான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

“உங்க சாஃப்ட்வேர்ல ஏதாவது கோளாறா? இல்ல இவங்க தப்பா?” என்று மேனேஜர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

அவருடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அக்காவின் லாகினில் நுழைந்தேன். திங்கட்கிழமை, பதினொன்று இருபது, புதிய தேதி, எல்லாம் சரியாக இருந்தது. ‘பப்ளிஷ்’ பட்டனைத் தேடினேன். காணவில்லை. நான்தானே கொடுக்கவில்லை! ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. காது இரண்டும் சூடாகிவிட்டன. அந்தக் கம்பெனிக்கு ஸ்ரீபெரும்புதூரில் இன்னொரு பிளான்ட் இருந்தது, அதன் வெப்சைட்டையும் எங்களுக்கே தருவதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கை தானாக லாகவுட் பட்டனுக்குப் போனது.

“சிஸ்டம் சரியாத்தான் இருக்கு சார். சேவ் பண்ணியிருக்காங்க, பப்ளிஷ் பண்ணல. யூசர் மிஸ்டேக்” என்றேன்.

அக்கா நோட்டைப் பிரித்து ஒன்பதாவது படியைத் தேடிப் பார்த்தார். அதற்குப் பிறகு பக்கம் காலி. தான்தான் எழுதாமல் விட்டுவிட்டோம் என்று நினைத்திருப்பார். “மன்னிச்சிடுங்க சார்” என்றார் மேனேஜரிடம். என்னிடமும் சொன்னார்.

தாம்பரம் திரும்பி அந்தப் பழைய மெயிலைத் திறந்தேன். ‘உங்கள் அனுமதிக்காக ஒன்று காத்திருக்கிறது’ என்று திங்கட்கிழமை வந்த மெயில் திறக்கப்படாமல் கிடந்தது. அதை அழித்தேன். நண்பனிடம்கூடச் சொல்லவில்லை.

பயந்தவனுக்கு எங்கிருந்துதான் சுறுசுறுப்பு வருமோ, ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றினேன். தேவையில்லாத மெனுக்களை மறைத்தேன். பட்டன்களைத் தமிழாக்கினேன். ‘டிராஃப்ட்’ இருந்த இடத்தில் ‘இது இன்னும் வெளியே தெரியாது’ என்று சிவப்பில் எழுதினேன். அதன் கீழே ‘இப்போது வெளியிடு’ என்று பெரிய பட்டன். கொண்டுபோய்க் காட்டியபோது ரிசப்ஷனில் வேறொரு பெண் இருந்தார். பத்தே நிமிடத்தில் கற்றுக்கொண்டார். மேனேஜர் தோளில் தட்டி, “இப்பதான் யூசர் ஃப்ரெண்ட்லியா இருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார்.

கேன்டீன் வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தது அந்த அக்கா.

எனக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. அவரோ என்னைப் பார்த்து மலர்ந்தார். “வாங்க சார். இப்ப தமிழ்லயே வருதாமே? அந்தப் பொண்ணு சொல்லிச்சி, ரொம்ப ஈசியா கீதாம்.”

“நீங்க எப்படி அக்கா இங்க...”

“ரோல் லிஸ்ட்ல பேர எடுத்துட்டாங்க சார். இதையாச்சும் குடுத்தாங்களே.” டோக்கனைக் கிழித்துக்கொண்டே பேசினார். “எனக்கு மண்டையில ஏறல, யார குத்தம் சொல்றது? என் பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் சேருவேன்னு குதிச்சிகினு இருந்தா. வேணாம்மா, அதெல்லாம் நம்ம மூளைக்கு ஆவாதுன்னு சொல்லிட்டேன்.”

அவருடைய வேலையோடு நின்றிருக்கும் என்று நினைத்த என் பொய் அவருடைய வீடு வரைக்கும் போயிருந்தது.

“அக்கா, தப்பு உங்க பேர்ல இல்ல” என்று ஆரம்பித்தேன். பின்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவர் லாகினில் அந்தப் பட்டனே இல்லை என்பதை, மெயில் எனக்கு வந்ததை, அன்றைக்கு அறையிலேயே எனக்கு அது தெரியும் என்பதை.

அவர் திட்டவில்லை. டோக்கன் கட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“இத்த அன்னிக்கு அந்த ரூம்ல சொல்லியிருக்கலாமே சார்” என்றார். பிறகு என் கையில் டோக்கனை வைத்துவிட்டு, “அடுத்து யாருப்பா?” என்று பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

சாப்பிடவில்லை. நேராக மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். “லிஸ்ட் ஹெட் ஆபீஸ் போயாச்சு. இப்பப் போய்க் கிளறினா உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அந்த இன்னொரு பிளான்ட் வேலையை எப்போது ஆரம்பிக்க முடியும் என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரமே வருகிறேன் என்றேன்.

அடுத்த வருடம் வருவதற்குள் காண்ட்ராக்டர் மாறிவிட்டார். பழைய ஆட்கள் பலரோடு அக்காவும் போய்விட்டார். எங்கே போனார் என்று கேன்டீனில் யாருக்கும் தெரியவில்லை.

இதெல்லாம் நடந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இப்போது பெரிய இடத்தில் இருக்கிறேன். ஒரு மென்பொருளை எல்லோருக்கும் எளிதாக எப்படி வடிவமைப்பது என்று இளைஞர்களுக்கு வகுப்புகூட எடுக்கிறேன், கை தட்டுகிறார்கள். அக்காவின் பெண் அம்மா பேச்சைக் கேட்டு வேறு எதிலோ சேர்ந்துவிட்டாளா, அல்லது அடம்பிடித்துத் தான் ஆசைப்பட்டதையே படித்தாளா என்பது மட்டும் எனக்குத் தெரியாது. என் வகுப்பில் அன்றைக்கு அவளுக்கு இருந்த வயதில் பெண் யாராவது எழுந்து சந்தேகம் கேட்டால், பதில் சொல்லும்போது கேட்டவளின் முகத்தைப் பார்க்க முடியாமல் இன்றைக்கும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.