நாமம் போட்ட கத்தி

தேங்காய் எண்ணெயும் துருவும் கலந்த ஒரு வாசனை வரும். அடுத்து "டக்" என்று ஒரு சத்தம். நைனா மடக்குக் கத்தியைத் திறக்கிறார் என்று, தறிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடக்கும் எனக்குக் கண்ணைத் திறக்காமலே தெரிந்துவிடும். திருப்பதிப் பக்கம் நகரியில் எங்களுக்கு அப்பா என்றால் நைனா. நெசவுதான் தொழில்.

கையில் வைத்தால் கனக்கும் கத்தி. கறுப்புப் பிடி, வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாக இருக்கும். ஒரு பக்கம் அகலமான அலகு, முதுகுப் பக்கம் மடங்கிக் கிடக்கும் தடித்த ஊசி, கடைசியில் ஒரு வளையம். பாவு நூலில் சிக்கு விழுந்தால் நைனா அந்த ஊசியைக் கொடுத்து நெம்பி முடிச்சை அவிழ்ப்பார். தறிக்காரனுக்கென்றே செய்த கத்தி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அலகு பிடியோடு சேரும் இடத்தில் ஒரு முத்திரை. மூன்று கோடுகள், கீழே ஒன்றாகச் சேர்ந்து மேலே விரியும். பார்த்த உடனே தெரியும், பெருமாள் நாமம். அதற்கு மேல் நிமிர்ந்தபடி சின்னதாக இன்னொரு கோடு. அதைத் "தீபம்" என்பாள் பக்கத்து வீட்டு மங்கம்மா பெரிம்மா. மறுபக்கத்தில் ஒன்றும் இல்லை. அரம் போட்டு ராவிய கீறல் மட்டும் இருந்தது.

நாமத்தைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. கத்தியை விரித்து, முனை நம் நெஞ்சைப் பார்க்கும்படி பிடிக்க வேண்டும். அப்போதுதான் நாமம் நேராக நிற்கும். யார் கேட்டாலும் நைனா அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, தன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக் காட்டுவார். வேலை செய்யும்போது முத்திரை அவர் கட்டைவிரலுக்கு அடியில் போய்விடும். நாமம் போட்ட கத்தி என்பதால் அம்மா அதை அடுப்படிப் பக்கமே விடமாட்டாள். கவுச்சி படக்கூடாது.

கத்தி எங்களுடையது இல்லை. பெரிம்மாவின் மகன் கோவிந்தனுடையது. அவரும் நைனாவும் ஒரே வயசு, ஒன்றாகத் திரிந்தவர்கள். நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு புரட்டாசியில், திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு இருவரும் போனார்கள். மாசங்கள் போய் வருஷங்களும் போயின. ஒரு நாள் நைனா மட்டும் திரும்பி வந்தார், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு. நேராகப் பெரிம்மா வீட்டுக்குப் போய்க் கத்தியை அவள் கையில் வைத்து, இத்தனை வருஷமும் மலையில்தான் இருந்தோம், கோவிந்தன் அங்கேயே சாமி வேலைக்கு நின்றுவிட்டான், இதைக் கொடுக்கச் சொன்னான் என்றாராம். பெரிம்மா நாமத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். பிறகு கத்தியை நைனாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். சும்மா வைத்தால் துரு ஏறிவிடும், உன் கையில் வேலை செய்துகொண்டே இருக்கட்டும் என்று. இதெல்லாம் அம்மா சொல்லி எனக்குத் தெரியும்.

நான் கண்ணால் பார்த்தது மலைப் பயணங்களை. ஒவ்வொரு புரட்டாசியிலும் பெரிம்மா கத்தியைக் கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு, மகனைத் தேடக் கிளம்புவாள். துணைக்கு நான். நைனாவும் வருவார், ஆனால் அலிபிரி வரைக்கும்தான். படி தொடங்கும் இடத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிடுவார். மேலே வா என்றால், "நீங்க போய்க்கினு வாங்க, நான் இங்கயே கீறேன்" என்பார். மறுநாள் நாங்கள் இறங்கி வரும்போதும் அதே கல்லில் இருப்பார்.

படியேறும் கூட்டம் முழுக்க "கோவிந்தா, கோவிந்தா" என்று கூப்பிட்டுக்கொண்டே போகும். "இத்தினி பேரு கூப்டறாங்க, அவனுக்குக் கேக்காமலா பூடும்" என்பாள் பெரிம்மா.

மேலே போனதும் அவள் முதலில் கோயிலுக்குப் போகமாட்டாள். மொட்டை போடும் கல்யாணக்கட்டாவுக்குத்தான் போவாள். கோவிந்தனுக்குச் சின்ன வயசில் தறிப்பலகை விழுந்து, உச்சந்தலையில் பிறை மாதிரி ஒரு தழும்பு. முடி இருந்தால் தெரியாது. முகம் மாறியிருக்கும், தாடி வளர்ந்திருக்கும், தழும்பு மட்டும் மாறாது என்று அவள் நம்பினாள். அதனால் ஈரத் தலையோடு எழுந்து வருகிற ஒவ்வொரு ஆணின் உச்சியையும் பார்ப்பாள். உயரமான ஆளாக இருந்தால் என்னைப் படிமேல் ஏறிப் பார்க்கச் சொல்வாள். சாமியார்களிடமும் கோயில் வேலைக்காரர்களிடமும் கத்தியை விரித்துக் காட்டி, இதை வைத்திருந்த ஆளைத் தெரியுமா என்று கேட்பாள்.

ஒரு தடவை நாவிதர் ஒருவர் கத்தியைப் பார்த்துவிட்டு, "இன்னா ஆயா, மொட்டைக்கு சொந்தக் கத்தியே எத்துக்கினு வந்துட்டியா?" என்றார்.

"உன் கத்தி மொக்கைன்னு ஊரே பேசிக்குது. அதான்" என்றாள் பெரிம்மா.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த தலையைப் பார்த்தாள்.

இறங்கி வந்ததும், "இந்த வருசமும் ஆப்புடல ராகவா" என்பாள் நைனாவிடம். நைனா எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். கத்தியை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார். அவ்வளவுதான் பேச்சு.

நான் தாவணி கட்டிய வருஷம், பாதிப் படிகூட ஏறவில்லை, பெரிம்மாவின் முழங்கால் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தவள் எழவில்லை. வழியில் போனவர்கள் கைத்தாங்கலாகப் பிடித்துக் கீழே கொண்டுவந்து விட்டார்கள். பெரிம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கத்தியை நைனாவிடம் நீட்டினாள்.

"நீ ஒரு தபா போய்ப் பாரு ராகவா. நீ கூப்ட்டா வருவான்."

நைனா அதை இடுப்பில் செருகிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படி ஏறினார். நாங்கள் சத்திரத்தில் படுத்திருந்தோம். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தார். தலை மொட்டை.

"பாத்தியா?" என்றாள் பெரிம்மா.

"பாத்தேன் அத்தே."

"எப்டி கீறான்?"

"நல்லா கீறான்."

பெரிம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தழும்பு?" என்றாள்.

"கீது. அப்டியே கீது."

நைனா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியை விரித்தார். முனை அவர் நெஞ்சைப் பார்த்திருந்தது. நாமம் நேராக நின்றது. பெரிம்மா அதைத் தொட்டுக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

"போதும் ராகவா. இனிமே அவன தொந்தரவு பண்ண வேணாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குக் கோபம். இத்தனை வருஷம் நான் பார்த்த தலைகளில் அகப்படாதவர் நைனாவுக்கு ஒரே நாளில் அகப்பட்டுவிட்டார். எங்கே இருந்தார் என்று கேட்டேன். நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த புரட்டாசிக்குப் பெரிம்மா இல்லை. கொள்ளி போட மகன் இருக்கும்போது மலைக்கு ஆள் அனுப்பவேண்டாமா என்று தெருவில் கேட்டார்கள். "அவன் வரமாட்டான்" என்றார் நைனா. அவரே கொள்ளி போட்டார்.

நைனாவும் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. நான் இப்போது சித்தூரில் மகனோடு இருக்கிறேன். போன மாசம் பழைய பெட்டியை ஒழித்தபோது கத்தி கையில் வந்தது. பழைய கத்திகளைச் சேர்க்கிறவர்கள் போனிலே ஒரு கூட்டமாக இருக்கிறார்களாம். யார் செய்தது, எந்த ஊர்க் கத்தி என்று கேட்டு மகன் அவர்களுக்குப் படம் பிடித்து அனுப்பினான்.

பதில் வந்தது. எங்கள் படத்தைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். முனை மேலே, பிடி கீழே.

"இது நாமம் இல்லம்மா. அம்பு. நாமதான் தலைகீழா பாத்துக்கினு இருந்திருக்கோம்" என்றான் மகன்.

வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளச் சாமானில் அடிக்கும் முத்திரையாம் அது. தீபம் என்று பெரிம்மா சொன்னது ஒரு இங்கிலீஷ் எழுத்து. இந்தியா என்பதன் முதல் எழுத்து. எப்படித் திருப்பினாலும் அது ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டாவது உலகச் சண்டையின்போது சிப்பாய்களுக்குக் கொடுத்த கத்தி. ஊசி கயிற்று முடிச்சுக்கு, வளையம் இடுப்பில் கட்டிக்கொள்ள. செய்தவர் பேரும் வருஷமும் மறுபக்கத்தில் இருந்திருக்கும், யாரோ வேண்டுமென்றே அரம் போட்டு அழித்திருக்கிறார்கள், ஏன் என்று எங்களையே கேட்டிருந்தார்கள்.

"தாத்தா எல்லாருக்கும் நாமம் போட்டுட்டாரு" என்று மகன் சிரித்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மலைக்கென்று போனவர்கள் பட்டாளத்தில் சேர்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று பேரையும் ஊரையும் மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிம்மாவுக்குச் சாவுக் கடுதாசி வந்திருக்கும். கோவிந்தன் எங்கே விழுந்தார் என்று தெரியாது. அவர் இடுப்பிலிருந்த கத்தியை நைனா எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். செய்தவர் பேரை ராவிவிட்டு, நாமமாகத் தெரியக்கூடியதை மட்டும் விட்டு வைத்திருக்கிறார். அன்றைக்கு மலையிலிருந்து இறங்கி வந்தபோது அவர் போட்டிருந்த மொட்டையை நான் நேர்த்திக்கடன் என்று நினைத்திருந்தேன். இப்போது அது கோவிந்தனுக்காக எடுத்த சாவு மொட்டையாகத் தோன்றுகிறது.

செத்துப்போன சிப்பாய்களின் பேரெல்லாம் எங்கேயோ எழுதி வைத்திருக்கிறார்களாம், தேடிப் பார்க்கலாம் என்கிறான் மகன். எந்தப் பேரில் தேடுவது? பெரிம்மாவிடம் பேரும் இருந்தது, தழும்பும் இருந்தது. போன இடம்தான் தப்பு. எங்களிடம் பேரே இல்லை.

நகரியில் எங்கள் வீடும் அவள் வீடும் இடிந்து, அங்கே பவர்லூம் கொட்டகை ஓடுகிறது. அலிபிரியில் படிக்கெல்லாம் கூரை போட்டுவிட்டார்கள். நைனா உட்கார்ந்திருந்த கல் எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நேற்று எண்ணெய் விட்டுக் கத்தியைத் திறந்தேன். "டக்" சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. முனையை வெளிப்பக்கம் பார்க்கப் பிடித்தேன். அம்பு. என் நெஞ்சுப் பக்கம் திருப்பினேன். நாமம். நைனா ஆயுசுக்கும் இப்படித்தான் பிடித்திருந்தார். நானும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு, மடித்து வைத்தேன்.