ஐஸ்பெட்டியை வெட்டிய ஞாயிறு

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, மேசையில் பதினேழு சிறுகதைகள், மேலே இருந்தது கோத்தா திங்கியிலிருந்து சரஸ்வதி அனுப்பியது. மலேசியத் தமிழ் நாளிதழ் ஒன்றின் ஞாயிறு பதிப்புக்குக் கதை தேர்ந்தெடுப்பது என் வேலை. கதை நன்றாக இருந்தால் பெயர் எழுதியவருக்கு, இல்லாவிட்டால் திட்டு எனக்கு. இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் இப்போதே தலையாட்டுவீர்கள்.

பாலோவில் பனி

பாலோ லோரி ஓட்டுநர் மாணிக்கம் மாதம் ஒரு கதை அனுப்புவார். செம்பனைத் தோட்டத்தில் நடக்கும் கதை. முதல் வரியிலேயே மார்கழிப் பனி கொட்டும், கதாநாயகி கம்பளி போர்த்திக்கொண்டு நிற்பாள். நம் ஊர் டிசம்பரில் கொட்டுவது மழை. கம்பளி போர்த்தினால் வேர்க்குருதான் வரும். போன் செய்து கேட்டேன்.

"பனி இல்லாம எப்படிங்க சோகம் வரும்? வெயில்ல நின்னு யாரு அழுவாங்க லா?"

பயங்கரமான வெள்ளம்

சரஸ்வதியின் கதையில் பயங்கரமான மழை, கொடூரமான வெள்ளம், நெஞ்சைப் பிளக்கும் அலறல் எல்லாம் இருந்தன. படித்து முடித்தபோது எனக்குக் கால்கூட நனையவில்லை. அவரிடம் பேசியபோதுதான் விவரம் தெரிந்தது. ஜனவரியில் அவர் வீட்டுக்குள் தண்ணீர் இடுப்பளவு ஏறியிருக்கிறது. கணவர் குமாருக்குச் சிங்கப்பூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். அன்று வீட்டில் இல்லை. அடுத்த மழைக்குள் வீடு மாறிவிடலாம் என்று இவர் சொன்னால், வந்த தண்ணீர்தான் வடிந்துவிட்டதே என்கிறாராம். ஞாயிறு பேப்பரை அவர் வரி விடாமல் படிப்பவர். அதனால்தான் இவர் கதையாக எழுதியிருக்கிறார். அனுப்புவதற்கு முன் அவரிடம் காட்டினீர்களா என்றேன்.

"காட்டினேன் அண்ணே. 'சினிமா மாதிரி இருக்கு'ன்னு சிரிச்சிட்டு சாப்பிடப் போயிட்டாரு."

அரைப் பக்க விளம்பரம்

கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்றேன். இரண்டு வாரத்தில் மாற்றி எழுதி அனுப்பினார். அம்மா மேசை மேல் நிற்கிறாள், இடுப்பில் மகள், கையில் மகளின் பள்ளிக் காலணி. மல்லாந்து மிதக்கும் ஆளுயர ஐஸ்பெட்டி மெதுவாக நகர்ந்து படுக்கையறைக் கதவில் முட்டுகிறது, விலகுகிறது, மறுபடி முட்டுகிறது. படிக்கும்போதே காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒரு நகைக்கடை விளம்பரம் வந்து பாதிப் பக்கத்தை எடுத்துக்கொண்டது. செய்தி வெட்டிப் பழகிய கை என்னுடையது. முதலில் வருணனையைத்தான் தேடிப் போகும். வெள்ளம் வந்தது, தாயும் மகளும் தப்பினார்கள் என்று கதை சுருக்கமாக நின்றது. திங்கட்கிழமை சரஸ்வதி கூப்பிட்டார்.

"படிச்சாரு அண்ணே. 'அதான் ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலையே'ங்கிறாரு. என் ஐஸ்பெட்டிய எங்க கொண்டு போய் வச்சீங்க?"

இரண்டாம் முறை

வெளிவந்த கதையை மீண்டும் போடும் வழக்கம் எங்களிடம் இல்லை. தவறு என்னுடையது என்று ஆசிரியரிடம் சொன்னேன். நிமிர்ந்து பார்க்காமல் "போடு லா" என்றார். அடுத்த ஞாயிறு முழுக் கதையும் வந்தது. அன்று மத்தியானம் சரஸ்வதியின் எண்ணிலிருந்து குமார் பேசினார். ஐஸ்பெட்டி முட்டியது கதைக்காகவா, நிஜமா என்று கேட்டார். நிஜம் என்றேன்.

"அந்தக் கதவுல ஒரு பள்ளம் இருக்கு சார். நான்தான் சாயம் அடிச்சு மூடினேன். எப்படி வந்துச்சுன்னு அவகிட்ட கேக்கவே இல்ல."

வருணனையை வெட்டுவதை நான் விட்டுவிட்டேன், விளம்பரம் வராத வாரங்களில். நவம்பர் மூன்றாம் தேதி அவர்கள் மூவரும் ஜொகூர் பாருவில் மூன்றாவது மாடி வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள்.