பஸ்ஸில் வாய் திறந்த பௌதிக சார்

இதைச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டக் காரணம் உண்டு. நம் பிரின்ஸிபால் ஹாஸ்டல் சோறு இருக்கும் திசைக்கே வரமாட்டார்.

பத்திரிகைக்காரரிடம் பேசும் வாத்தியாருக்கு வேலை போய்விடும் என்று அவர் போட்ட உத்தரவு உங்களுக்குத் தெரிந்ததே.

இன்று மாலை சிம்மக்கல்லில், பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடும் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் நம் பௌதிக சார். பக்கத்தில் கதர் ஜிப்பாக்காரர் ஒருவர், பையில் பேனா.

"சாருக்குக் காலேஜ்லயா வேலை?" என்று அவர் கேட்டதுதான் தாமதம். சார் எழுந்துபோய், வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"பேனாவப் பாத்தீகளாண்ணே? பேப்பர்க்காரன். என் வாயப் புடுங்கப் பாக்குறான்."

"அப்படி என்ன தம்பி விஷயம்?"

"ஹாஸ்டல் சோத்துல அம்புட்டும் புழு. பயலுக நாளைக்குப் பட்டினி கிடக்கப் போறானுக. பிரின்ஸிபால் மூடி மறைக்கிறாரு. இத அவன்ட்டப் போய்ச் சொல்லுவனா?"

வகுப்பில் மூன்றாம் பெஞ்சுக்கு எட்டாத குரல், பஸ்ஸின் கடைசி சீட்டில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

ஜிப்பாக்காரர் தல்லாகுளத்தில் இறங்கும்போது, "மகனைக் காலேஜ்ல சேக்கணும். அதைத்தான் கேக்க வந்தேன்" என்று சாரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தம்பி, உங்க பேரப் போடட்டுமா, வேணாமா?" என்றார்.

"எதுலண்ணே?"

"நாளைக் காலைப் பேப்பர்ல."

"வேணாம்ணே, நான் பிள்ளகுட்டிக்காரன்" என்றார் சார்.

பெரியவர் தலையை ஆட்டினார். ஆட்டிய விதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சார் பேசியது நம் சோற்றுக்காக. பிரின்ஸிபால் வீட்டுக்குப் பேப்பர் போடும் அண்ணனை யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். பென்சில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.