தவலையில் வந்த ஆற்று மீன்

எனக்கு எழுத்து சரியா வராது, ஞாபகமும் விட்டு விட்டுத்தான் வருது, பொறுத்துக்கிடுங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் வருசத்துக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். கானாடுகாத்தான் ஊருணியில நான் தண்ணி மோந்துக்கிட்டு இருந்தப்ப, காக்கிச் சட்டைக்காரர் ஒருத்தர் தவலையை இடுக்கிக்கிட்டுப் படி இறங்கினார். மின்சாரம் எடுக்கிற மலை அணையில மதகு திறக்கிற வேலையாம். ஒல்லியான ஆளு. தவலைக்குள்ள இருந்த நாலு மீனுக்கு மூச்சு முட்டாம, வலது கை தண்ணியை அளைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

"குடிதண்ணி ஊருணி, அண்ணே. மீனையெல்லாம் விடாதீக" என்றேன்.

"அணையை ஓட்டுற உத்தரவைப் புதுப்பிக்க ஆபீசருக வந்தாக, தாயி. மீனு பொழைக்க ஆத்துக்கும் கொஞ்சம் தண்ணி விடுங்கன்னு கேட்டேன். 'மீனா மனுப் போட்டுச்சு?'ன்னு சிரிச்சாக. தண்ணியெல்லாம் கரண்டு எடுக்கக் குழாயில போகுது. ஆறு காஞ்சு, இந்தச் சாதி மீனுல மிஞ்சுனது இம்புட்டுத்தான். இங்க விட்டாப் பொழைக்குமேன்னு கொண்டாந்தேன்."

"ஊர்ல ஏசுவாக. எடுத்துட்டுப் போங்க!"

யார்கிட்டயும் சத்தம் போடாத நான் அன்னைக்குப் போட்டுட்டேன். அவர் தண்ணியை அளைஞ்சுக்கிட்டே வெயில்ல மேற்கே நடந்தார். எனக்குக் குடத்தைத் தூக்க மனசு வரலை.

அந்த மீனுக்குச் செவப்பு வாலுன்னு நினைப்பு. அது இன்னும் எந்த ஆத்துலயாவது இருக்கான்னு தெரிஞ்சவுக பார்த்துச் சொல்லுங்க.