சுகிர்தா மெயின் கேட் வழியாகப் போன நாள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரப்பர் சாமான் செய்கிற அந்தக் கம்பெனிக்கு இரண்டு கேட். மெயின் கேட்டில் பெயர்ப்பலகை, புல்தரை, சல்யூட் அடிக்கிற செக்யூரிட்டி எல்லாம் உண்டு. பின்பக்க கேட்டுக்கு ஒரு துருப்பிடித்த தாழ்ப்பாள்தான். காண்ட்ராக்ட் பெண்கள் போக வர அதுதான் வழி. யேசுதாஸ் மகள் சுகிர்தா ஆறு வருஷமாக அந்த வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தாள். தலைமுடியை மூடிய தொப்பியோடு, ரப்பரை அச்சில் வைத்து அழுத்துகிற பிரஸ்ஸில் அவளுக்கு வேலை.

வெளியாள் யாராவது கம்பெனியைப் பார்க்க வந்தால், காண்ட்ராக்டர் சின்னதுரை ஒவ்வொரு பிரஸ்ஸாக வந்து, "தோட்ட வேலைக்கு நடங்கம்மா" என்பார். தோட்டமும் கிடையாது, வேலையும் கிடையாது. அத்தனை பெண்களும் பின்பக்க கேட் வழியாக வெளியே போய், மதில்சுவருக்கு அப்பால் சீமைக்கருவேல முள்ளுக்கும் கழிவு ரப்பர் குவியலுக்கும் நடுவில் குந்தியிருக்க வேண்டும். வந்தவர் டீ குடித்து, கையெழுத்துப் போட்டு, காரேறிப் போகும்வரை அப்படித்தான். குடிக்கத் தண்ணீர் இல்லை, ஒதுங்க மறைவிடம் இல்லை. அந்த நேரத்துக்குக் கூலியும் இல்லை என்பதுதான் உச்சம். திருட்டுச் சாமானை ஒளித்துவைக்கிறவன்கூட அதை நிழலில்தான் வைப்பான்.

பிடித்த கூலியைப் பற்றிக் கேட்க ஒரு தடவை சுகிர்தா ஆபீசுக்குப் போனாள். காண்ட்ராக்டரைக் கேள் என்றார்கள். காண்ட்ராக்டர் ஆபீசைக் கேள் என்றார். பந்து மாதிரி இரண்டு நாள் உருண்ட பிறகு அவளுக்கு ஒன்று புரிந்தது. பதில் ஆபீசின் ஏ.சி. அறைக்குள் இருக்கிறது, உள்ளே உட்கார்ந்தால்தான் அது கைக்கு வரும். அந்த வருஷமே ஆன்லைன் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டாள். மனிதவளமும் தொழிலுறவும் பாடம். பல்கலைக்கழகம் எங்கேயோ வடக்கே இருந்தது. படிப்பு மையம் பொன்னேரியில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் பஜார் பிரவுசிங் சென்டரில் போய் உட்காருவாள். பாடத்தை இறக்கி, பிரின்ட் எடுத்து, வாரம் முழுக்க ஷேர் ஆட்டோவில் படிப்பாள். பக்கத்து பிரஸ் கன்னியம்மா நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து கேட்டுவருவாள். வருஷம் முழுக்க நடக்கிற வேலைக்குக் காண்ட்ராக்ட் ஆள் வைப்பது சட்டப்படி சரியில்லை என்று ஒரு பாடம் சொன்னது. பாடம் எழுதியவர் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கிறது என்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"நீ ஆபீசுல குந்திக்கினா மொதல்ல இந்தத் தோட்ட வேலைய நிறுத்துடி" என்றாள் கன்னியம்மா.

2009இல் கடைசி வருஷம். மாணவர்கள் ஒரு தொழிற்சாலையைப் போய்ப் பார்த்து, அங்கே சர்டிபிகேட் வாங்கிவந்தால்தான் பட்டம். படிப்பு மையத்தை நடத்துகிற பூவராகவன் சார் கம்பெனியின் பெயரைச் சொன்னதும் சுகிர்தா நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய கம்பெனியேதான். வேறு இடம் பார்க்கலாமே சார் என்று கேட்டுப்பார்த்தாள். மற்றவர்கள் யாரும் உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள், இங்கே எச்.ஆர். மேனேஜர் ஆதிகேசவன் தனக்கு வேண்டியவர் என்றார் அவர். உறவில் ஒரு சாவு என்று சின்னதுரையிடம் பொய் சொல்லி அவள் லீவு எடுத்தாள். கன்னியம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். ஆபீஸ் பிஸ்கட் எப்படி இருக்கிறது என்று வந்து சொல்லச் சொன்னாள் கன்னியம்மா.

மே மாத வெயில். வேன் மெயின் கேட்டில் நுழைந்தது, செக்யூரிட்டி சல்யூட் அடித்தார். ஆதிகேசவன் வாசலில் நின்று ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்தார். சுகிர்தாவும் வாங்கிக்கொண்டாள். போன மாசம்தான் அந்த மனிதர் பிரஸ் ஓரமாக நின்று, வேலை நேரத்தில் என்ன பேச்சு என்று அவள் முகத்துக்கு நேரே விரலை நீட்டித் திட்டியிருந்தார். இப்போது அதே முகத்தைப் பார்த்து, "வாம்மா, வெல்கம்" என்றார்.

அவருக்கு அடையாளம் தெரியவில்லை. முதலில் அப்பாடா என்றிருந்தது. நாற்காலியில் போய் உட்கார்ந்த பிறகுதான் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷம் பார்த்த முகம்! அந்த ஆள் இத்தனை நாளும் திட்டியது முகத்தையா, தொப்பியையா?

பீங்கான் கோப்பையில் டீ வந்தது, பிஸ்கட் வந்தது. திரையில் படம் காட்டி ஆதிகேசவன் பேசினார். எங்கள் உற்பத்தியில் காண்ட்ராக்ட் தொழிலாளர் ஒருவர்கூடக் கிடையாது என்று கூசாமல் சொன்னார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். சர்டிபிகேட் அவர் கையில் இருக்கிறதே என்று சுகிர்தாவும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

பிறகு, உங்களில் உள்ளூர்க்காரர் யார் என்று கேட்டார். அவள் கையைத் தூக்கினாள். எந்தத் தெரு, எந்தக் கோயில் என்றெல்லாம் விசாரித்தவர் முகம் மலர்ந்தது. எச்.ஆர். அசிஸ்டன்ட் வேலைக்கு உள்ளூர்ப் பெண் ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருப்பதாகவும், பரீட்சை முடிந்ததும் அவள் நேராக வந்து தன்னைப் பார்க்கலாம் என்றும் எல்லோர் முன்னிலும் சொன்னார். பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் சுகிர்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வருஷம் எந்த நாற்காலிக்காகக் கண் விழித்தாளோ, அது தானாக எதிரே வந்து நிற்கிறது. உட்கார்ந்துவிட்டால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று மனம் கணக்குப் போட்டது.

ஷெட்டைச் சுற்றிக் காட்டும்போது ஆதிகேசவன் அவள் பக்கத்தில் நடந்து, குரலைத் தணித்தார்.

"பெரிய வேலை ஒண்ணுமில்லம்மா. ஆடிட், இன்ஸ்பெக்‌ஷன்னு வர்ற அன்னிக்குக் கொஞ்சம் லேடீசை வெளியே நகர்த்தணும். மொரண்டு பிடிப்பாங்க. நீ உள்ளூரு, நீ சொன்னா கேப்பாங்க."

"இன்னைக்கும் நகர்த்தியிருக்கீங்களா சார்?"

"பின்னே?" என்று சிரித்தார்.

சுகிர்தா நின்றுவிட்டாள். எதிரே அவளுடைய பிரஸ். அங்கே புதுக் கையுறையோடு, ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிற பெர்மனென்ட் ஆள் மோசஸ் பொம்மை மாதிரி நிறுத்தப்பட்டிருந்தார். அவருக்கு அவளை நன்றாகத் தெரியும், தலையைக் குனிந்துகொண்டார். ஆக இந்த நாற்காலி தோட்ட வேலையை நிறுத்துகிற நாற்காலி அல்ல, கன்னியம்மாவை வெயிலுக்கு விரட்டுகிற நாற்காலி. அதற்குத்தான் உள்ளூர்ப் பெண் வேண்டியிருக்கிறது! இதற்காகவா பட்டம்? சின்னதுரை படிக்காமலே செய்கிற வேலையை இவள் படித்துவிட்டுச் செய்ய வேண்டுமாம்.

ஷெட்டின் கோடிக்கு விறுவிறுவென்று நடந்தாள். எங்கேம்மா போறே என்று பூவராகவன் சார் பின்னாலேயே ஓடிவந்தார். தாழ்ப்பாளில் கை வைத்தபோதே அவளுக்குத் தெரியும், ஆபீஸ் வேலை போச்சு, பிரஸ் வேலையும் போச்சு, சர்டிபிகேட்டும் அவ்வளவுதான். காலையிலிருந்து பதவிசாகப் பேசிவந்த தமிழும் கூடவே போய்விட்டது.

"இன்னும் ஒரு டிபார்ட்மென்ட் பாக்கி கீது. எல்லாரும் வந்து பாருங்க" என்று மாணவர்களைக் கூப்பிட்டாள்.

கேட் திறந்தது. முள்நிழலுக்குள் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பை முக்காடு போட்டு, வரிசையாகப் பெண்கள் குந்தியிருந்தார்கள். கையில் ரோஜாப்பூவோடு மாணவர்கள் கேட்டில் முட்டிக்கொண்டு நின்றார்கள். கன்னியம்மாதான் முதலில் எழுந்தாள். பாராட்டவில்லை, கையை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னாடி பண்ணிக்கினு கீற? எங்க பொழப்புல மண்ணப் போடறியா?"

பின்னாலேயே வந்து நின்ற ஆதிகேசவனைச் சுகிர்தா கைகாட்டினாள். "ஆபீசுல வேலை தரேன்னாருக்கா. உன்ன இங்க தொரத்தி வுடற வேலை" என்றாள்.

கன்னியம்மா கையை இறக்கினாள். அவளைத் தாண்டி ஆதிகேசவனைப் பார்த்தாள்.

அவருக்கு முகம் கறுத்துப்போயிருந்தது. வந்த இடத்தில் கலாட்டா செய்கிறாயா, யுனிவர்சிட்டிக்கே புகார் எழுதுகிறேன், உன் பேர் என்ன என்று கத்திக்கொண்டே பேனாவை எடுத்தார்.

"எழுதிக்குங்க சார். ஒய். சுகிர்தா. ஆறு வருசமா உங்க பிரஸ்லதான் கீறேன். ஆபீசுல போயி தேடாதீங்க, எந்த ரிஜிஸ்டர்லயும் என் பேரு இருக்காது."

பூவராகவன் சார் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அவள் நகரவில்லை. கன்னியம்மா முக்காட்டைத் தள்ளிவிட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"கன்னியம்மா. ஒம்பது வருசம். அதையும் எழுதிக்க சார்."

அவளுக்குப் பின்னால் அடுத்தவள் எழுந்து தன் பெயரைச் சொன்னாள். பிறகு அடுத்தவள். எழுத முடியாமல் ஆதிகேசவன் பேனாவைப் பிடித்தபடியே நின்றார்.