எந்தச் சுருள் எந்தத் தலைக்கு

ஜெசிந்தாவிடம் முடியைச் சுருட்டிக்கொள்ள வருகிறவர்கள் முதலில் ஒரு விசாரணையைத் தாண்ட வேண்டும். லேசில் முடியைத் தொடமாட்டாள். நாற்காலியில் உட்காரவைத்து, என்ன வேலை, வெயிலில் அலைவதுண்டா, வாரத்துக்கு எத்தனை முழுக்கு, என்ன எண்ணெய், பிள்ளை பெற்று எத்தனை மாதம் என்று வக்கீல் மாதிரி குடைவாள். செங்கல்பட்டு ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வார்கள். சொல்லாமல் என்ன செய்வது? மவுண்ட் ரோட்டுக் கடை ஒன்றில் ஆறு வருஷம் தொழில் பார்த்துவிட்டு, கூட்ஸ் வண்டி கார்டு ஒருவரைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள் அவள். 1954-இல் அந்த ஊரில் பெர்ம், அதாவது முடியை மாதக்கணக்கில் நிற்கும்படி சுருட்டுகிற வித்தை, பழகிய கை அது ஒன்றுதான்.

“முடியப் பார்த்து முடிவு பண்ணா தப்பாயிடும். ஆளோட பொழப்பப் பார்க்கணும்” என்பாள்.

அவளிடம் இரண்டு வகை இருந்தது. ஹாட் பெர்ம் என்றால் மருந்தில் நனைத்த முடியைக் கம்பியில் சுற்றி, அடுப்பில் காய்ச்சிய கிளிப்புகளை மேலே மாட்டுவது. அடர்த்தியான, எண்ணெய் ஊறிய தலைக்கு அதுதான் பிடிக்கும். கோல்ட் பெர்மில் சூடே கிடையாது. மூக்கைப் பிடித்துக்கொள்ள வைக்கும் மருந்து மட்டும்தான், அது மெல்லிய முடிக்கு. ஹாட் போடும்போது நிமிஷத்துக்கு ஒரு தடவை “சுடுதா, சுடுதா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். உட்கார்ந்திருப்பவள் “ஐயோ, சுடுது” என்று சொல்வதை வைத்துத்தான் கிளிப்பை எவ்வளவு தள்ளி வைப்பது என்று முடிவு செய்வாள்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் வாசுதேவன் என்றொரு சினிமா கம்பெனி மேனேஜர் அவளைத் தேடி வந்தார். மாமல்லபுரத்தில் படப்பிடிப்பு. கதாநாயகி கடலில் குதிக்க வேண்டும். அந்த அம்மாளுக்கோ கணுக்கால் நனைந்தாலே ஜுரம்.

“அவங்களுக்குப் பதிலா குதிக்கக் குப்பத்துப் பொண்ணு ஒண்ணு கெடச்சிருக்கும்மா. மீன் மாதிரி நீந்துது. முடிதான் நேரா இருக்கு, ஹீரோயினுக்குச் சுருள். நீங்க வந்து இடுக்கியாலே நாலு இழுப்பு இழுத்துட்டா போதும்” என்றார்.

“இடுக்கிச் சுருள் ஒரு அலைக்குத் தாங்காது சார். பெர்ம்தான் போடணும்” என்றாள் ஜெசிந்தா.

மறுநாள் காலையில் பெட்டியும் அடுப்புமாகத் திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் போய் இறங்கினாள். சவுக்குத் தோப்புக்குள் ஒரு கூடாரம். அதில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மீனாட்சி. பத்தொன்பது வயது இருக்கும். அம்மா குப்பம்மாவோடு மீன் கூடை சுமக்கிறவள்.

விசாரணை நடந்தது. “காலீல மீன் கூட, சாய்ங்காலமும் மீன் கூட. தலமேல எப்பவும் சும்மாடு கீது. முழுக்கா? நாளுக்கு மூணு தபா கடல்ல வுழுவேன், அது முழுக்குல சேர்த்தியாக்கா?” என்று மீனாட்சி சிரித்தாள்.

அந்தத் தலைக்கு ஹாட் பெர்ம்தான் என்று ஜெசிந்தா முடிவுகட்டினாள். மூன்று தரம் சீயக்காய் தேய்த்து அலசி, மருந்து தடவி, பின்கழுத்திலிருந்து சுற்றிக்கொண்டு வந்தாள். சுடுதா என்று கேட்டாள். இல்லை என்றாள் மீனாட்சி. இடது காதுக்குப் பின்னால் மூன்றாவது கிளிப்பை மாட்டியபோதும் சுடுதா என்று கேட்டாள். இல்லக்கா என்று பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் தோல் கருகும் வாடை. பதறிப்போய்ப் பார்த்தால், கிளிப் நழுவிக் காதுக்குப் பின்னால் கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீனாட்சியோ வெளியே நடக்கிற வேடிக்கையில் மூழ்கியிருந்தாள்.

கிளிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். கொப்புளத்தைச் சுற்றி, வெற்றிலைக் கொழுந்து அளவுக்கு ஒரு வெளிறிய தேமல். அதன் ஓரம் லேசாகத் தடித்திருந்தது. செங்கல்பட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரை ஒட்டித் திருமணியில் பெரிய குஷ்டரோக ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போகிறவர்களையும் வருகிறவர்களையும் தினம் பார்க்கிற ஊர் அது.

அவள் செய்த முதல் காரியம், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டது. அதற்காக அப்புறம் பல நாள் வெட்கப்பட்டாள். ஆனால் அந்த நிமிஷத்தில் பயம்தான் இருந்தது. வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள்.

“கண்ண மூடிக்க மீனாட்சி. சீப்பு முனையால குத்துவேன். குத்தும்போது சொல்லு.”

மீனாட்சி விளையாட்டுப் போலக் கண்ணை மூடினாள். “ம், குத்துக்கா” என்றாள்.

“குத்திட்டேன்.”

“எப்போ?”

இன்னொரு முறை, சற்று அழுத்தியே குத்தினாள். மீனாட்சி காத்துக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா அடுப்பை அணைத்தாள். வாசுதேவனிடம் சொன்னால் பெண்ணை அப்போதே அனுப்பிவிடுவார். பொழுது சாய்வதற்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் அவள் தொட்ட மீனை யார் வாங்குவார்கள்? அதைவிடச் சுலபமான வழியும் இருந்தது. கோல்ட் பெர்ம். சூடு கிடையாது, கேள்வி கிடையாது, யாருக்கும் எதுவும் தெரியாது, இந்தப் பெண்ணுக்கும்கூடத்தான். சுருள் அழகாக விழும். கூலியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறலாம். நாலைந்து வருஷத்தில் விரல் மடங்கும்போது ஜெசிந்தாவை யார் நினைக்கப்போகிறார்கள்?

அந்த யோசனை தனக்கு வந்ததே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. மீனாட்சியின் முன்னால் மணலில் உட்கார்ந்து, பூசி மெழுகாமல் சொல்லிவிட்டாள்.

மீனாட்சி காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே இருந்தாள். “திருமணியா?” என்றாள்.

“இப்ப மாத்திரை வந்திருக்கு. ஆரம்பத்திலயே போனா கொணமாயிடுமாம். நானே கூட்டிட்டுப் போறேன்.”

“அடிக்கடி செங்கல்பட்டுக்கு இன்னாத்துக்குப் போறேன்னு கேப்பாங்களே. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா செத்தே பூடும்.” சற்று யோசித்துவிட்டு மீனாட்சியே சொன்னாள்: “முடிக்குன்னு சொல்லிடறேங்கா. சினிமால குதிச்சதும் திமிரு ஏறிப்போச்சு, சுருட்டிக்கப் போறாள்னு பேசுவாங்க. பேசிட்டுப் போவட்டும்.”

ஜெசிந்தா புண்ணுக்கு வாசலைன் தடவி, பஞ்சு வைத்து மூடி, மீதித் தலைக்குக் கோல்ட் பெர்ம் போட்டாள். மருந்தை இரண்டு மடங்கு நேரம் ஊறவைத்தாள். “இந்தத் தலைக்குச் சூடு ஆகாது சார்” என்றதும் வாசுதேவன் தலையாட்டிவிட்டார். மீனாட்சி மூன்று தரம் கடலில் குதித்தாள். சுருள் கலையவில்லை. படத்தில் அவள் முதுகு அரை நிமிஷம் வந்ததாம்.

அடுத்த வாரம் இருவரும் திருமணிக்குப் போனார்கள். டாக்டரம்மா தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, தொடக்கந்தான் என்றார். வீட்டிலேயே இருக்கலாம், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வந்து மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்றார்.

அப்போதுதான் ஜெசிந்தாவுக்கு உண்மையான தொழில் சிக்கல் வந்தது. முடிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறவள் சுருளோடுதான் திரும்ப வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு பெர்ம் போட்டால் தலை வழித்த தேங்காய்தான். கடைசியில் மவுண்ட் ரோட்டில் கேட்டால் சிரிக்கிற முறையைக் கையில் எடுத்தாள். பழைய வேட்டியை நாடா நாடாவாகக் கிழித்து, ஈர முடியை அதில் சுற்றி முடிச்சுப் போட்டு, மீனாட்சியைப் பின்கட்டு வெயிலில் காயவைப்பாள். மருந்தும் இல்லை, சூடும் இல்லை. சுருள் நாலு நாள் நிற்கும். ஊர் வாய்க்கு அது போதும். முதல் மூன்று மாதம் மீனாட்சிக்கென்று தனிச் சீப்பு வைத்திருந்தாள். பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட்டாள். மீனாட்சி கவனித்தாளோ என்னவோ, கேட்கவில்லை.

குப்பம் பேசத்தான் பேசியது. சினிமாக்காரி என்று பெயரே ஆகிவிட்டது. புதுப்பட்டினத்திலிருந்து வந்த சம்பந்தம், முடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அடுத்த வருஷம் வந்த சம்பந்தமும் அதே கதைதான். மீனாட்சி அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நோயை மறைக்கப் போய் வாழ்க்கையையே கெடுத்துவிட்டோமோ என்று அவளுக்குத் தூக்கம் பிடிக்காமல் போனது.

மூன்றாம் வருஷம் ஒரு புதன்கிழமை மத்தியானம் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரே கூச்சல். குப்பம்மா வந்திருந்தாள், கூடவே அவள் நாத்தனாரும். குப்பத்துச் சேதியையெல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற நாத்தனார்.

“எங்க அந்த முடி சுருட்டறவ? வெளிய வாம்மே! வாழப் போற பொண்ணு தலையில கைய வச்சிக் கெடுத்துட்டு உள்ள குந்திகினு கீறியா? ரெண்டு சம்பந்தம் பூட்ச்சி! உன் சுருளுல மண்ணு வுழ!”

அக்கம்பக்கம் எல்லாம் கதவைத் திறந்தது. ஜெசிந்தா வாசற்படியில் நின்று தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் பழி போய்விடும். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல முடியாது.

“தப்பு எம்மேலதாம்மா” என்றாள்.

“தப்பாம் தப்பு! தொண்ட காஞ்சிபோச்சி. தண்ணியாவது குடுப்பியா மாட்டியா?” என்று கத்திக்கொண்டே குப்பம்மா உள்ளே நுழைந்தாள். நாத்தனார் வாசலிலேயே கதை கேட்க ஆள் பிடித்துக்கொண்டாள்.

சமையலறையில் சொம்பை வாங்கிய குப்பம்மா குடிக்கவில்லை. குரல் அடியோடு மாறியிருந்தது.

“மாத்திர இன்னும் எத்தினி மாசம் துன்னணுமாம்?”

ஜெசிந்தா சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். “உங்களுக்கு எப்படி…”

“பெத்தவளுக்குத் தெரியாதா? காது பின்னால தேமலு கொறஞ்சிகினு வர்றத நானுந்தான் பாத்துகினு கீறேன். எனக்குத் தெரியும்னு அவளாண்ட சொல்லிடாத, ஒடஞ்சிடுவா.”

“இன்னும் ஆறு மாசம்தான். டாக்டரம்மா நல்லாயிடுச்சுன்னுதான் சொல்றாங்க.”

குப்பம்மா கண்ணை மூடித் திறந்தாள். சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“அவ இன்னாத்துக்கு இங்க வர்றான்னு என் நாத்தனாருக்கு ரெண்டு மாசமா சந்தேகம். அதான் கூட்டியாந்தேன், முடிக்குத்தான்னு அவளே ஊரெல்லாம் சொல்லட்டும்னு. திட்டனது பத்துமா? இன்னும் கொஞ்சம் திட்டிட்டுப் போவட்டா?”

ஜெசிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். செதில் ஒட்டிய, சொரசொரப்பான கை.

“இன்னும் கொஞ்சம் திட்டுங்கம்மா” என்றாள்.