திரைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள்

எண்பதுகளின் நடுவில், நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் கணிதத் துறைக்கென்று ஒரு கணினி அறையைத் திறந்தார்கள். வரிசையாகத் திரைகள், அவற்றில் பச்சை எழுத்துகள், பல் கிட்டிப்போகும் அளவுக்கு ஏர்கான். குளிர் எங்களுக்கல்ல, மெஷினுக்கு. அது சூடாகிவிடக் கூடாதாம். ஆகவே நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அதற்குச் சேவகம் செய்தோம்.

அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. திரை உறைந்துபோனால் உயிர் கொடுக்க வேண்டும். கடவுச்சொல்லை மறந்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளைகளை நாலு திட்டு திட்டிப் புதிது கொடுக்க வேண்டும். பாடக் குறிப்புகள் அந்தக் கணினியில் இருக்கும். வீட்டுப் பாடத்தையும் அதிலேயே செய்யலாம். சந்தேகம் வந்தால் எழுதிக் கேட்கலாம், விரிவுரையாளர் எழுதிப் பதில் சொல்வார். இன்று இணையத்தில் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் நடக்கிற சங்கதிதான். அன்று அது ஒரே கட்டடத்துக்குள், கம்பி வழியாக நடந்தது. நடக்கும் என்று சொன்னார்கள்.

விரிவுரையாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எப்படிப்பட்ட பயிற்சி என்கிறீர்கள்! ஒரு பிற்பகல். கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கணக்குகளைக் கணினி தானே திருத்தி மதிப்பெண் போடுவதைச் செய்து காட்டினார். எல்லாரும் "ஆகா" என்றார்கள். தின்னக் கறி பஃப் வந்தது. கறி பஃப் தீர்ந்ததும் பயிற்சியும் தீர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு விரிவுரையாளர்கூட அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மாணவர்கள் வந்தார்கள். அவர்களில் தவறாமல் வந்தவள் ஒரு முதலாண்டுப் பெண். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து பஸ் மாறி மாறி வருவாள். அவளுக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்திலேயே வார்த்தை நின்றுவிடும். கண்ணை இறுக மூடிக்கொண்டு அதைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள், பாதி நாள் முடியாமல் விட்டுவிடுவாள். ஆனால் விசைப்பலகையில் கை வைத்தால் போதும், மழை கொட்டுவதுபோலத் தட்டுவாள். சத்தத்தை மட்டும் கேட்டால் பெரிய வாயாடி உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நினைப்போம். அவள் தட்டுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தேக்காவில் மளிகைக் கடை. நான் தோ பாயோவில் குடியிருந்தாலும் சனிக்கிழமை மீன் வாங்கத் தேக்காவுக்குத்தான் போவேன், மசாலாச் சாமான் அவர் கடையில். ஒரு சனிக்கிழமை மிளகாய்த்தூளைக் கட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "புள்ளைக்குப் பேச வராதும்மா, வகுப்புல எப்படிக் கேள்வி கேட்கும்னு ராப்பகலா கவலைப்பட்டேன். இப்ப கம்ப்யூட்டர்ல எழுதுனா சாரு பதில் போடுவாராமே? அல்ஹம்துலில்லாஹ். இனி அவ படிச்சு முடிச்சிருவா." சொல்லிவிட்டுக் கறிவேப்பிலையை ஒரு கை கூடவே அள்ளிப் பைக்குள் போட்டார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை அவள் வந்தாள். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். தட்டவில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, இதுல எ... எழுதினா யாருக்குப் போகும்?" என்றாள்.

"சாருக்குத்தான். ஏன்?"

பேசிப் பார்த்தாள், வரவில்லை. சட்டென்று திரை பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் தட்டினாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன்: "கல்வித் தவணை தொடங்கியதிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒன்றுக்கும் பதில் வரவில்லை. என் கேள்விகள் முட்டாள்தனமாக இருக்கின்றன போலிருக்கிறது. சாருக்கு என்மேல் கோபம் போலிருக்கிறது. படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் அத்தாவுக்கு ஒத்தாசையாக இருக்கப் போகிறேன். அத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை."

சனிக்கிழமை பார்த்த அந்த மனிதரின் முகம் கண் முன்னே வந்து நின்றது. "ஒண்ணும் அவசரப்படாதே. ரெண்டு வாரம் பொறு, எனக்காக. நான் கேட்கிறேன்லா," என்றேன். அரை மனதோடு தலையாட்டினாள். அவள் போனதும், அறைப் பொறுப்பாளருக்குள்ள அனுமதியை வைத்துக் கேள்விப் பகுதியைத் திறந்து பார்த்தேன். அவளுடையது மட்டுமல்ல, வகுப்பு முழுவதும் எழுதிய கேள்விகள் அப்படியே கிடந்தன. ஒன்றையும் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! அந்தப் பாடத்தை நடத்திய விரிவுரையாளர் காத்தோங்கிலிருந்து வருபவர், நாற்பதைத் தாண்டியவர். கரும்பலகையில் அவர் கணக்குப் போடுவதைப் பார்க்க வேறு துறைப் பிள்ளைகள்கூட வந்து உட்காரும். அவ்வளவு நல்ல வாத்தியார் இப்படிச் செய்யலாமா? கதவைத் தட்டியும் தட்டாமலும் உள்ளே போனேன்.

"சார், பிள்ளைங்க எழுதுற கேள்விக்கு ஏன் சார் பதில் போடல?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் புரியாமல் பார்த்தார். "கம்ப்யூட்டர் பதில் சொல்லுமே?"

"என்னது?"

"அன்னிக்கு டிரெய்னிங்ல காட்டினாங்களே. அதுவே திருத்துது, அதுவே மார்க் போடுது. கேள்விக்கும் அதுவேதானே பதில் சொல்லும்? நாங்க எல்லாரும் அப்படித்தான் நினைச்சிட்டிருக்கோம்."

"ஐயோ சார், அது வெறும் பெட்டி சார்!"

என் சத்தத்தில் பக்கத்து அறைக் கதவு திறந்து மூடியது. அவர் கோபப்படவில்லை. முகம்தான் வெளுத்துப்போனது. "அப்ப பிள்ளைங்க இத்தனை நாளா சும்மா எழுதிட்டிருந்ததா?" என்றார், தனக்குத்தானே. என் கோபம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது. அந்த மனிதரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

பிறகு அவர் தயங்கித் தயங்கி மிச்சத்தைச் சொன்னார். விரிவுரை, டுட்டோரியல் வகுப்பு, விடைத்தாள் என்று நாள் நிரம்பி வழிகிறது, எந்த நேரத்தில் பதில் எழுதுவது? மேலும் திரைகள் எல்லாம் மாணவர் அறையில். "எனக்கு டைப்பிங் தெரியாது. ரெண்டு விரலால தேடித் தேடித் தட்டணும். பிள்ளைங்க பார்க்க அங்க உக்காந்து எப்படி?" என்று கூச்சத்தோடு சிரித்தார்.

அடுத்த நாள் சார் துறைத்தலைவரைப் பார்க்கப் போனபோது என்னையும் கையோடு அழைத்துப்போனார். துறைத்தலைவர் சீனர், நல்லவர், ஆனால் எதையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிற அவசரக்காரர். மெஷின் வாங்கியாயிற்று, பயிற்சி கொடுத்தாயிற்று, இன்னும் என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சார் மென்மையாக விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே!

"மெஷினுக்குக் குளிர் வேண்டும் என்று சொன்னவுடன் ஏர்கான் போட்டீர்கள். இவருக்கு நேரம் வேண்டும். அதை யார் கொடுப்பது?" என்று கேட்டுவிட்டேன்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். துறைத்தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு கால அட்டவணையை எடுத்தார். சாரின் வகுப்புகளில் ஒன்றை இன்னொருவருக்கு மாற்றி, அந்த நேரத்தைப் பதில் எழுதுவதற்கென்றே ஒதுக்கினார். சாரின் அறைக்கே ஒரு திரையைக் கொண்டுபோக ஒப்புக்கொண்டார். "நீங்களே போய் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்," என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் லேசான சிரிப்பும் இருந்தது.

சொல்லிக்கொடுத்தேன். அடேயப்பா! கரும்பலகையில் பறக்கிற அந்தக் கை, விசைப்பலகையில் ஓர் எழுத்தைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். "சார், அது அங்கேயேதான் இருக்கு, நேத்தும் அங்கேதான் இருந்துச்சு," என்பேன். "நேத்து இந்தப் பக்கம் இருந்துச்சும்மா," என்று அவரும் விடமாட்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவே பதில்கள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின.

கேள்வியோடு மாணவர் எண்தான் வரும், பெயர் வராது. ஒரு நாள் சார் திரையைக் காட்டி, "இந்த நம்பர் யாரு? எவ்வளவு தெளிவா கேட்குது பாருங்க. நான் பதில் போட்டா அதுலேருந்து இன்னொண்ணு கேட்குது," என்றார். எனக்குத் தெரியும். ஆனால் சொல்லக் கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். டுட்டோரியலில் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருப்பாளே ஒரு பெண், படிப்பில் நாட்டமே இல்லாதவள் என்று முன்பொரு முறை சார் வருத்தப்பட்டதும் அவளைப் பற்றித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அவளும் படிப்பை விட்டு நின்றுவிடவில்லை. இரண்டு வாரம் முடிந்ததும் கேட்டேன். "இ... இன்னும் ஒரு வாரம் பாக்குறேன்க்கா," என்றாள். அந்த வாரம் முடிந்ததும் அதையே சொன்னாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் தேக்காவில் அவள் அத்தா என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது நான் பையை வாங்கிக்கொண்டு வேகமாக நடையைக் கட்டுவேன்.

பிறகொரு பிற்பகல் சார் என் அறைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் சாக்குக்கட்டி. சாக்குத்தூள் சட்டையெல்லாம்.

"இன்னிக்கு டுட்டோரியல்ல அந்த நம்பர் கேட்ட கேள்வியைப் போர்டுல எழுதினேன். கேட்டது யாருன்னு தெரியாது, ஆனா இத்தனை வருஷமா இந்தப் பாடத்தை எடுக்கிறேன், எனக்கே இது தோணலன்னு சொன்னேன். கடைசி வரிசையில ஒரு கை உசந்துச்சு." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அந்தப் பிள்ளைம்மா. 'நான்தான் சார்'னு சொல்ல வருது, வார்த்தை வரல. நான் நின்னேன். வகுப்பே நின்னுச்சு. ஒருத்தர் சிரிக்கல, ஒருத்தர் எடுத்துக் கொடுக்கல. கடைசியில சொல்லிடுச்சு. சொல்லிட்டு உக்காரும்னு பார்த்தேன். உக்காரல. கணக்குல அடுத்த வரி என்னங்கறதையும் அதுவே சொல்லுச்சு, திக்கித் திக்கி, முழுசா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் முகத்தை மறைக்க ஒரு திரையைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். அழுகையை எனக்கு அடக்கத் தெரியாது. அன்றும் அடக்கவில்லை.

சாயந்தரம் அவள் வந்தாள். பையை வைத்தவுடனேயே உட்கார்ந்து தட்டத் தொடங்கிவிட்டாள்.

"என்னம்மா, இந்த வாரமும் முடிஞ்சு போச்சு. படிக்கிறதா, கடைக்குப் போறதா, முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இருங்கக்கா. சா... சாரு என்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்காரு. பதில் போடணும்."